வாயைத் திறந்து கேட்கட்டும்

அப்பாவுக்கு இல்லை அக்கா. எதிரிக்கு.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நீங்கள்தானே கேட்டீர்கள், "கேரியர்ல என்னம்மா, ஆஸ்பத்திரியில அப்பாவா?" என்று. என் அப்பா கல்லு மாதிரி இருக்கிறார். தோல் பதனிடுகிற ஷாப்புக்கு வேலைக்குப் போயிருக்கிறார். இது ஏகாம்பரத்துக்கு. மேல் தட்டில் கஞ்சி, கீழே குழைய வடித்த பருப்புச் சாதம். விஷம் இல்லை. மோந்து வேண்டுமானால் பாருங்கள்.

நானும் முதலில் விஷம்தான் யோசித்தேன். பொய் சொல்ல மாட்டேன்.

கொஞ்சம் தள்ளி உட்காருகிறீர்களா? மடியில் வைத்துக்கொண்டால்தான் ஆடாது. இந்த டிரைவருக்கு வேகத்தடையைப் பார்த்தாலே குஷி வந்துவிடும். தினம் இதே பஸ், தினம் இதே ஆட்டம்.

என் பெயர் விசாகா. பத்தாவது பாதியில் நின்றவள். நின்றவள் என்றால் படிப்பு வராமல் இல்லை. கணக்கில் நான்தான் முதல். ஏன் நின்றேன் என்றால் ஏகாம்பரம். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் அம்மா கன்னியம்மா, நான் படித்த பள்ளிக்கூடத்திலேயே சத்துணவு சமைத்தாள். நாங்கள் காலனி. ஏகாம்பரம் ஊர்த் தெரு, மளிகைக் கடை. அவன் பேரன் ஆறாவது. வேலைக்குச் சேர்ந்து முதல் வாரம் அம்மா சாம்பார் சாதம் வைத்தாள். நல்ல வாசனை. நான் தட்டோடு வரிசையில் நிற்கிறேன், எனக்கு முன்னால் ஒரு பத்துப் பேர். அந்தாள் கேட்டைத் தள்ளிக்கொண்டு வருகிறான். "எம் பேரன் இவ ஆக்குனதைத் திங்கணுமா?" என்றான். அவ்வளவுதான். அண்டாவை ஒரே உதை.

அண்டா கவிழ்ந்தது. கொதிக்கக் கொதிக்க இருந்தது அத்தனையும் அம்மாவின் இடது காலில். முட்டைகள் தரையில் உருண்டன. ஒரு முட்டை என் காலடியில் வந்து நின்றது. அதை எடுப்பதா வேண்டாமா என்று நான் யோசித்தேன் பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையலாம் போல இருக்கிறது. அம்மா அங்கே துடிக்கிறாள், நான் முட்டையைப் பார்க்கிறேன்.

ஹெட்மாஸ்டர் வராண்டாவில் நின்று, "விடுங்க, விடுங்க, பசங்க பாக்குறாங்க" என்றார். யாரை விடச் சொன்னார் என்று எனக்கு இதுவரை தெரியாது.

போலீஸில் எழுதிக்கொடுத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு அதிகாரி சமாதானக் கூட்டம் போட்டார். இரண்டு பேருக்கும் டீ வரவழைத்து, "சேர்ந்து குடிங்க, பிரச்சனை முடிஞ்சுது" என்றார். அம்மா குடித்தாள். ஏகாம்பரம் கப்பைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தான். ஆறி ஆடை படிந்தது. அப்படியே மேஜையில் வைத்துவிட்டுப் போனான். மன்னிப்பு? ஒரு வார்த்தை கிடையாது. அம்மாவை இரண்டு பஸ் மாறிப் போகிற ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். அவன் கடையைத் திறந்து எப்போதும் போல ஊதுபத்தி கொளுத்தினான்.

அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு அந்த வரிசையில் மறுபடி நிற்க என்னால் முடியவில்லை. நின்றுவிட்டேன். பள்ளிக்கூடத்தைச் சொல்கிறேன். இப்போது ஷூ கம்பெனியில் சாயங்கால ஷிஃப்ட், ஷூவுக்குள் வைக்கிற அட்டைக்குப் பசை தடவுகிறேன்.

நீங்கள் இறங்குமிடம் எது? சரி, எனக்கும் அங்கேதான். நேரம் இருக்கிறது.

எங்கள் காலனிக்குப் பின்னால் ஒரு புத்த விகாரை இருக்கிறது. விகாரை என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். ஓட்டுக் கொட்டகை, நடுவில் நான்கு தூண், ஒரு சிமெண்டு புத்தர். தாத்தா காலத்திலேயே எங்கள் ஜனம் பௌத்தம். அங்கே இருக்கிற பிக்குவை பந்தே என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் முன்னால் டவுன் பஸ் கண்டக்டராக இருந்தவர். தியானம் முடிந்ததும் கண்ணைத் திற என்று சொல்ல மாட்டார், "சரி, இறங்கலாம்" என்பார். கூட்டம் வாசலில் அடைத்துக்கொண்டால் "உள்ள போங்க, உள்ள எடம் இருக்கு" என்பார்.

கால் ஆறினதும் அம்மா அங்கே போய் உட்கார ஆரம்பித்தாள். அங்கே மைத்திரி தியானம் என்று ஒன்று. முதலில் உனக்கு நீயே நல்லது நினைக்க வேண்டும். அடுத்தது பிடித்த ஒருத்தருக்கு. அப்புறம் யாரோ ஒருத்தருக்கு, பால்காரர் மாதிரி. கடைசியில் ஆகாதவனுக்கு. சுகமாக இருக்கட்டும், பகையில்லாமல் இருக்கட்டும், துன்பமில்லாமல் இருக்கட்டும் என்று.

எங்கள் அம்மா நான்காவது இடத்தில் யாரை வைத்தாள் தெரியுமா? ஏகாம்பரத்தை. பெயர் சொல்லி! உதடு அசைவதை நான் பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டுக்கு வருகிற வழியிலேயே சண்டை.

"வெக்கமா இல்லையா உனக்கு? அவன் சுகமா இருக்கணுமா?"

"கால் வலிக்குதுடி. அவனையும் தூக்கிக்கிட்டு என்னால நடக்க முடியல."

"அப்ப நான் தூக்கிக்கறேன்."

"தூக்கிக்கோ. யாரு வேணாம்னா?" என்று நொண்டி நொண்டி முன்னால் போய்விட்டாள்.

தூக்கிக்கொண்டேன். நானும் போய் உட்கார்ந்தேன். எல்லோரும் சுகமாக இருக்கட்டும் என்று நினைக்கிற நேரத்தில் நான் ஏகாம்பரம் லாரியில் அடிபடட்டும் என்று நினைத்தேன். முதல் மூன்று பேரையும் விட்டுவிட்டு நேராக நான்காவதுதான். மற்றவர்கள் எழுந்து போன பிறகும் உட்கார்ந்திருப்பேன். கவர்மெண்ட் லாரியா, தண்ணீர் லாரியா என்று அத்தனை விவரமாக நினைப்பேன். "விசாகா மாதிரி உக்காரணும், பாருங்க" என்று பந்தே மற்றவர்களிடம் சொன்னார். நான் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்தே பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். பிக்குகளுக்குக் கெடுதல் செய்கிற ஆள் யாராவது இருந்தால், சங்கம் கூடி அவனுக்குப் பிச்சைப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிடும். அதாவது அவன் சோறு கொண்டுவந்தால் வாங்காது. பிக்குவுக்கு ஒருவன் சோறு போட்டு, அதை வாங்க மாட்டேன் என்றால் அதைவிட அவமானம் கிடையாதாம். அவன் வந்து தப்பு என்று ஒத்துக்கொண்டால் பாத்திரத்தை மறுபடி நிமிர்த்துவார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கவிழ்த்ததற்குக் கவிழ்ப்பது! புத்தர் என் கட்சி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கூடவே இன்னொன்றும் உறைத்தது. லாரியில் அடிபட்டுச் செத்துவிட்டால் மன்னிப்பை யார் கேட்பது? அவன் உயிரோடு இருக்க வேண்டும். நல்ல நினைவோடு இருக்க வேண்டும். நாக்கு புரள வேண்டும். அன்றிலிருந்து லாரியை விட்டுவிட்டேன். ஏகாம்பரம் சுகமாக இருக்கட்டும் என்றே நினைத்தேன், மன்னிப்புக் கேட்கிற வரைக்கும். கேட்ட பிறகு அவன் எப்படியோ போகட்டும்.

இப்படி இருக்கும்போது அந்தாளே விகாரைக்கு வருகிறான்.

பெண்டாட்டி செத்துப் போனாள். மகன்கள் பேரனையும் கூட்டிக்கொண்டு திருப்பூர் போய்விட்டார்கள். சாப்பிட்டது எதுவும் வயிற்றில் தங்கவில்லை. ஜோசியக்காரன் ஒருவன், "சோத்துக்குப் பண்ணின பாவம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி துறவிக்குச் சோறு போட்டு, அவங்க எடத்துலயே உக்காந்து சாப்பிடு" என்று பரிகாரம் சொல்லியிருக்கிறான். பக்கத்தில் துறவி என்று இருக்கிறவர் எங்கள் கண்டக்டர் பந்தே ஒருத்தர்தான். காலனிக்குள் வந்து பந்தேவிடம் கேட்டுவிட்டுப் போனான். காலனி மொத்தமும் "திருந்திட்டாருப்பா" என்று உருகுகிறது. திருந்தினவன் முதலில் எங்கள் வீட்டுக்கல்லவா வந்திருப்பான்? எங்கள் வாசலைத் தாண்டித்தான் போனான். திரும்பியும் பார்க்கவில்லை.

பந்தேவிடம் போய் நின்றேன்.

"பாத்திரத்தைக் கவுத்துடுங்க பந்தே."

"அது பிக்குகளுக்குக் கெடுதல் பண்ணினா தான்மா. அதுவும் நான் ஒருத்தனா பண்ண முடியாது. சங்கம் கூடணும்."

"பிக்கு கையில இருந்தா பாத்திரம், எங்கம்மா கையில இருந்தா தகரமா?"

பந்தே சில்லறை இல்லாத கண்டக்டர் மாதிரி முழித்தார். "நல்ல கேள்வி. பதில் இல்ல எங்கிட்ட" என்றார். அதனால் அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பதில் இல்லை என்று சொல்கிற பெரியவர் யாரையும் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஆனால் காரியம் நடக்க வேண்டுமே. சரி, நானே கவிழ்க்கிறேன் என்று முடிவு பண்ணினேன். பிக்கு பாத்திரத்தை இல்லை. அவன் கொண்டுவருகிற அண்டாவை. முப்பது பேர் பார்க்க. காலால்.

பௌர்ணமி அன்று வந்தான். ஆட்டோவில் அண்டா. தூணோரம் இறக்கி வைத்தான். நான் அந்தத் தூணுக்கு இந்தப் பக்கம் காலைத் தயாராக வைத்துக்கொண்டு நிற்கிறேன். பந்தே மந்திரம் சொல்லி முடிக்கட்டும் என்று எல்லோரையும் போல நானும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். முடித்தார். மனசுக்குள் ஒரு சிரிப்பு. கண்ணைத் திறக்காமலே விட்டேன் ஒரு உதை.

அண்டா அங்கே இல்லை அக்கா. நான் கண்ணை மூடியிருந்த நேரத்தில் எங்கள் அம்மா அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். தூணை உதைத்தேன். கட்டைவிரல் நகம் பிளந்து ரத்தம். பந்தே திரும்பிப் பார்த்து, "என்னம்மா, தூணு என்ன பண்ணுச்சு?" என்றார். முப்பது பேரும் சிரித்தார்கள். சிரிக்காதீர்கள், நீங்களும்.

ஆனால் கேளுங்கள். எங்கள் விகாரையில் ஒரு வழக்கம். யார் என்ன கொண்டுவந்தாலும் தனியாகப் பரிமாறக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே பெரிய அண்டாவில் கொட்டிக் கிளறிவிட வேண்டும். அதிலிருந்துதான் பந்தே பாத்திரத்துக்கும் போகும், எல்லோர் இலைக்கும் வரும். இது இந்த வீட்டுச் சோறு, அது அந்த வீட்டுச் சோறு என்று யாரும் பேசக்கூடாது என்று அந்தக் காலத்திலேயே வைத்தது. ஏகாம்பரத்துக்கு இது தெரியாது. அம்மா அவன் சோற்றைத் தூக்கித் தான் சமைத்த சாம்பார் சாதத்தில் கொட்டி, கரண்டியால் நாலு புரட்டுப் புரட்டினாள்.

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "அது... நான் கொண்டாந்தது தனியா..." என்றான்.

"இங்க தனி கிடையாதுங்க. உக்காருங்க" என்றாள் அம்மா.

உட்கார வேண்டும், பரிகாரம் ஆயிற்றே. எழுந்து போனால் தோஷம் போகாது. சாப்பிட்டால் கன்னியம்மா கைச் சோறு. மாட்டினான். நகத்தில் ரத்தம் வடிய வடிய நான்தான் போய் அவன் இலையில் பரிமாறினேன். இரண்டு கரண்டி போடுகிற இடத்தில் நாலு கரண்டி. எதிரில் உட்கார்ந்துகொண்டேன். ரொம்ப நேரம் பிசைந்துகொண்டே இருந்தான். அப்புறம் வாயில் வைத்தான். மென்றான். விழுங்கினான். அவன் தொண்டை ஏறி இறங்குவதை நான் பார்த்தேன் அக்கா. அந்த டீ கப் ஞாபகம் வந்தது. அன்றைக்கு மாதிரி நான் என்றைக்கும் தூங்கினதில்லை.

ஒரே ஒரு குறை. காரம் தாங்காமல் இருமி, கண்ணில் தண்ணீர் விட்டு, பாதியிலேயே இலையை மூடிவிட்டான். வயிற்றுப் புண்ணாம். அது எப்படி? முழுசாகச் சாப்பிட வேண்டாமா? அடுத்த பௌர்ணமிக்கு அம்மாவிடம் சொல்லி மிளகாயைக் குறைத்தேன். "என்னடி இது, பத்தியச் சாப்பாடா?" என்று காலனியே திட்டியது. திட்டட்டும். அவன் ஒரு சாக்குச் சொல்லக்கூடாது. அதற்கும் அடுத்த மாதம் சோற்றைக் கொஞ்சம் குழைய விடச் சொன்னேன், அவனுக்குப் பல் சரியில்லை. எல்லாம் அவன் இலையில் ஒரு பருக்கை மிஞ்சக்கூடாது என்பதற்காக. மிஞ்சவில்லை. மாதாமாதம் துடைத்து வைத்துவிட்டுப் போனான். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். இலையைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான், கை கழுவப் போய்விடுவான்.

ஐயோ, பிடியுங்கள், பிடியுங்கள். பார்த்தீர்களா, சொன்னேனே வேகத்தடை. ஒன்றும் சிந்தவில்லை. மூடி இறுக்கம்தான்.

போன மாதப் பௌர்ணமிக்கு ஆள் வரவில்லை. இலை போட்டு வைத்துக் காத்திருந்தேன். வரவில்லை. எனக்கு வந்ததே ஆத்திரம். வயிறு சரியானதும் தப்பித்துவிட்டான் என்று நினைத்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டு நேராக ஊர்த் தெருவுக்கே போனேன். எங்கள் ஆட்கள் அந்தத் தெருவில் அப்படி நடக்க மாட்டார்கள். நான் நடந்தேன். கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து பார்த்தால் அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடக்கிறார். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, கண் மட்டும் என்னைப் பார்க்கிறது.

"இப்ப சாவாத" என்று கத்தினேன். "இப்ப சாவக்கூடாது, சொல்லிட்டேன்." உலுக்கினேன். நான்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினேன். தெருவே வந்து நின்றது. வண்டிக்காரர் "கூட யாரு ஏறுறீங்க?" என்றார். ஒரு அம்மா, "நீ போம்மா, நாங்க பின்னாடியே வர்றோம்" என்றாள். இன்னும் வந்துகொண்டிருக்கிறாள். வழி முழுக்கத் தலையை மடியில் ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டே போனேன். வாந்தி மூச்சில் போய்விட்டால் ஆள் போய்விடும் என்றார் வண்டியில் இருந்தவர். போய்விட்டால் எனக்கு என்ன மிச்சம்?

பக்கவாதம். வலது கை, கால் போயிற்று. பேச்சும் போயிற்று. பாருங்கள் என் தலையெழுத்தை! இத்தனை நாள் வாயை வைத்துக்கொண்டு கேட்காத மனுஷன், இப்போது வாயே இல்லை. மகன்கள் போனில் "பாத்துக்கம்மா, பணம் அனுப்பறோம்" என்கிறார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மேடம் சொன்னார்கள், "தினமும் ஒருத்தர் உக்காந்து பேச வெச்சா திரும்ப வரும்" என்று. வேறு யார் உட்காருவார்கள்? எனக்குத்தான் அவரிடம் வேலை இருக்கிறது.

தினமும் போகிறேன். ஊட்டுகிறேன், பேச வைக்கிறேன். அவர் ஊர்த் தெரு சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வருவார்கள். நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். அப்போது வேண்டுமென்றே இன்னும் ஒரு ஸ்பூன் பெரிதாக எடுத்து ஊட்டுவேன். அவரும் ஆ என்று திறப்பார். அந்த ஒரு காட்சிக்கே பஸ் டிக்கெட் தகும் அக்கா.

முதலில் "சோறு" என்றார். "அது இல்ல, வேற" என்றேன். ஒரு வாரம் கழித்து "விசா, விசா" என்று என் பெயர் பாதி வந்தது. "எம்பேரு எனக்குத் தெரியும், வேற" என்றேன். நர்ஸ் அக்கா என்னைத் திட்டுகிறாள், நோயாளியை இப்படி மிரட்டுகிறாயே என்று. மிரட்டாமல் எப்படி வரும்?

நேற்று அம்மா கூட வந்தாள். இத்தனை நாளில் முதல் தடவை. கட்டில் பக்கத்தில் அந்தக் காலை வைத்துக்கொண்டு நிற்க முடியாமல், கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். புடவை கொஞ்சம் ஏறி, காலில் அந்தத் தழும்பு தெரிந்தது. கணுக்காலிலிருந்து விரல் வரைக்கும் சுருங்கி இருக்கும். ஏகாம்பரம் அதையே பார்த்தார். அப்புறம் நல்ல கையை மெல்ல மெல்ல நகர்த்திக் கொண்டுவந்து அந்தக் கால் மேல் வைத்தார். வைத்துக்கொண்டே இருந்தார். வாய் கோணி ஏதோ சத்தம் வந்தது, கண்ணில் தண்ணீர். பக்கவாதம் வந்தவர்களுக்குச் சும்மாவே கண்ணில் தண்ணீர் வருமாம். கொசு உட்கார்ந்திருக்கும், தட்டியிருப்பார் என்று நான் நினைக்கிறேன்.

அம்மா காலை இழுத்துக்கொள்ளவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், இதே பஸ்தான், "போதும்டி. கேட்டுட்டார்" என்றாள்.

"எங்க கேட்டாரு? கைய வெச்சாரு."

"அது போதாதா?"

"போதாது. அன்னைக்கு வாயால தானே சொன்னான், இவ ஆக்குனதைத் திங்கணுமான்னு? வாயால தான் கேக்கணும். அதெல்லாம் நான் கணக்குல எடுத்துக்க மாட்டேன்."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. "அப்ப நாளைக்கு?" என்றாள்.

"நாளைக்கும் போவேன்."

"பருப்புல பெருங்காயம் கொஞ்சமா போடறேன்" என்றாள். "நேத்து வயிறு ஊதியிருந்துச்சுன்னு சொன்னியே."

வாயால் கேட்கட்டும் அக்கா. தெளிவாக, வார்த்தை வார்த்தையாக. எத்தனை மாதம் ஆனாலும் சரி. அது வரைக்கும் நான் விடப்போவதில்லை. கேட்ட அன்றைக்கு எழுந்து வந்துகொண்டே இருப்பேன், திரும்பியும் பார்க்க மாட்டேன். ஆனால் அப்புறம் அவருக்கு யார் ஊட்டுவார்கள் என்று... அது என் வேலை இல்லை.

ஸ்டாப் வந்துவிட்டது. நீங்கள் முதலில் இறங்குங்கள். இறங்கிவிட்டுக் கொஞ்சம் கை நீட்டி இந்தக் கேரியரை வாங்கிக்கொள்ளுங்கள். கீழே பிடியுங்கள், அடியில். சூடாக இருக்கிறதா? முந்தானையால் பிடியுங்கள். சாய்க்காதீர்கள் அக்கா, சாய்க்காதீர்கள். ஒரு சொட்டு சிந்தக் கூடாது.